சிகிச்சை முடிந்த பின்னரும் ‘ரியாக்டிவ்’: ஹெபடைடிஸ் சி அறிக்கையை எப்படி வாசிப்பது?

கண்புரைச் சத்திரசிகிச்சைக்கு முன்னர் சித்தப்பாவுக்கு எடுத்த குருதிப் பரிசோதனையில் ‘எச்.சி.வி. அன்டிபொடி: ரியாக்டிவ்’ என்று தடித்த எழுத்தில் வந்திருந்தது. எச்.சி.வி. என்பது ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி வைரஸ். அந்த நோய்க்கான மாத்திரைகளை அவர் முன்னரே எடுத்து முடித்திருந்தார். “திரும்பவும் வந்திட்டுதோ, தம்பி?” என்று சித்தி கேட்டதில் வியப்பில்லை. இலங்கையில் இந்த நோய் அரிது என்பதால், யாழ்ப்பாணத்தில் இதைப் பற்றி விசாரிக்க அயலில் ஒருவரும் கிடைப்பதில்லை.

இந்த வரியை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. அந்தப் பரிசோதனை தேடுவது வைரஸை அன்று, வைரஸுக்கு எதிராக உடல் முன்பு உண்டாக்கிய பிறபொருளெதிரியை, அதாவது அன்டிபொடியை. அது குருதியில் உண்டு என்பதே ‘ரியாக்டிவ்’. வைரஸ் முற்றாக ஒழிந்த பின்னரும் அது பல ஆண்டுகள், பெரும்பாலானோரில் ஆயுள் முழுவதும், குருதியில் இருக்கும். கள்ளன் போன பிறகும் குரைத்துக்கொண்டிருக்கும் நாய் அது. அடுத்த கள்ளன் வந்தால் கடிக்கவும் மாட்டாது. ஆகவே, குணமான ஒருவருக்கு இதே பரிசோதனையை மீண்டும் மீண்டும் செய்வது காசுக்குக் கேடு என்பதே என் எண்ணம்.

கேட்க வேண்டியது எச்.சி.வி. ஆர்.என்.ஏ. பரிசோதனையை. பி.சி.ஆர். முறையில் வைரஸின் மரபுப் பொருளையே தேடும் பரிசோதனை இது. சிகிச்சைக்கு முன்னர் எடுத்த அறிக்கையில் ஒரு மில்லிலீற்றருக்கு இத்தனை இலட்சம் அலகுகள் என்று பெரிய எண் இருக்கும். அருகில் ‘லொக்’ என்ற நிரலில் 6 என்றிருந்தால் அது 10 இலட்சத்தைக் குறிக்கும். சிகிச்சைக்குப் பின்னர் அங்கே ‘நொட் டிடெக்டட்’ என்று வந்தால் வைரஸ் அகப்படவில்லை என்று பொருள். சிலவேளைகளில் ‘டிடெக்டட், 15-இலும் குறைவு’ என்று வந்து எல்லோரையும் குழப்பும். வைரஸின் தடயம் தெரிகிறது, ஆனால் கருவியால் எண்ணிச் சொல்ல முடியாத அளவுக்குக் குறைவாக இருக்கிறது என்பதே அதன் பொருள். 15 என்பது கருவிக்குக் கருவி சற்று மாறும். மாத்திரை முடிகிற நாளில் இப்படி வந்தவர்களிலும் பலர் பின்னர் முழுமையாகக் குணமாகிறார்கள்.

அதனாலேயே இறுதி மாத்திரையை விழுங்கி 12 வாரங்கள் கழிந்த பின்னர் எடுக்கும் ஆர்.என்.ஏ. பரிசோதனையைத்தான் வைத்தியர்கள் தீர்ப்பாகக் கொள்கிறார்கள். மீள்வதானால் வைரஸ் பெரும்பாலும் அந்த இடைவெளிக்குள்ளேயே மீண்டுவிடும். அன்றும் அகப்படாவிட்டால் நோய் குணமாகிவிட்டது என்றே கொள்ளலாம். சொபொஸ்புவிர், வெல்பட்டாஸ்விர் போன்ற இன்றைய மாத்திரைகளால் 100 பேரில் 95 பேருக்கு மேல் இந்த நிலையை அடைகிறார்கள். இன்டர்பெரோன் ஊசியை 48 வாரங்கள் போட்டுக் களைத்தவர்களின் காலத்தில் இது எட்டாத கனி.

ஏ.எல்.டி. என்ற ஈரல் நொதியம் சிகிச்சைக்குப் பின்னர் பெரும்பாலும் இயல்பு அளவுக்கு இறங்கும். இறங்காவிட்டால் உடனே வைரஸைக் குற்றம் சொல்ல வேண்டாம்: நீரிழிவோடு வரும் கொழுப்பு ஈரலும் மதுவும் அதைச் செய்யும். மாறாக, வைரஸ் இருக்கும்போதே இந்த எண் இயல்பாகத் தோன்றுவதும் உண்டு என்பதால், இதை மட்டும் பார்த்துக் குணத்தை முடிவுசெய்ய முடியாது.

ஈரலில் ஏற்கனவே சிரோசிஸ் வரை தழும்பு ஏறியவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை. வைரஸ் ஒழிந்தாலும் அவர்களுக்கு ஈரல் புற்றுநோய் ஆபத்து குறையுமே தவிர நீங்காது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் ஸ்கான் தொடர வேண்டும். ஈரலின் விறைப்பை அளக்கும் பைப்ரோஸ்கானில் எண் இறங்கிவிட்டதென்று பலர் இதை நிறுத்திவிடுகிறார்கள். வீக்கம் தணிந்தாலே அந்த எண் இறங்கும். தழும்பு கரைந்துவிட்டது என்பதற்கு அது சான்றாகாது.

பழைய தொற்று புதிய தொற்றைத் தடுப்பதில்லை, தடுப்பூசியும் இல்லை. சிறுநீரகச் செயலிழப்புக்காக டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள், குணமான பின்னரும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆர்.என்.ஏ. பரிசோதனை செய்ய வேண்டும். அன்டிபொடி பரிசோதனை அவர்களுக்கு ஒன்றையும் சொல்லாது. குருதிக்கொடை முகாமுக்குப் போனால், அன்டிபொடி இருப்பதாலேயே இரத்த வங்கி குணமானவர்களின் குருதியையும் ஏற்காது.

சித்தப்பாவின் 12 வார அறிக்கையின் பிரதியைக் கிளினிக் கொப்பியின் முன்னட்டையின் உட்புறம் ஒட்டிவிட்டேன். அடுத்த சத்திரசிகிச்சைக்கு எந்த வைத்தியசாலைக்குப் போனாலும் தாதி கொப்பியைத் திறந்ததும் முதலில் அதைக் காண்பார்.