பழைய தறிக்கு முதலில் மூலைமட்டம்

பழைய சட்டத்தறியை விலைக்கு வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் அச்சையும் (குறுக்கிழையை அடித்து நெருக்கும், பற்கள் கொண்ட சீப்பு) விழுதையும் (நீள இழைகளை ஏற்றி இறக்கும் கண்ணிகள்) தான் முதலில் ஆராய்கிறார்கள். அவை எப்போது வேண்டுமானாலும் புதிதாக வாங்கிப் பூட்டிக்கொள்ளக்கூடியவை. சட்டத்தின் கோணல் அப்படியல்ல. அது அச்சிலும், குறுக்கிழையைக் கொண்டு ஓடும் நாடாவிலும், துணியிலும் வேறு வேறு குறைகளாக வெளிப்பட்டு நம்மை அலைக்கழிக்கும். சென்னிமலைப் பக்கத்தில், நெசவை நிறுத்திவிட்ட ஒரு வீட்டிலிருந்து இரண்டு மிதிகள் கொண்ட தேக்குத் தறி ஒன்றை வாங்கிப் பூட்டியபோது இதை நான் முழுமையாக உணர்ந்தேன்.

பிரிப்பதற்கு முன்பே ஒவ்வொரு இணைப்பின் இரு பக்கங்களிலும் உளியால் அடையாளம் இட்டுவிட வேண்டும். சுண்ணக்கட்டியால் எழுதினால் வண்டியில் வரும்போதே அழிந்துவிடும். பூட்டியபின், ரசமட்டம் வைத்து நான்கு கால்களையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்து, மூலைக்கு மூலை குறுக்காக அளவு நாடா பிடித்து அளக்க வேண்டும். இரண்டு அளவுகளும் ஒன்றாக வரும்வரை ஆப்புகளைத் தளர்த்தியும் இறுக்கியும் சரிசெய்வது பொறுமையைக் கேட்கும் வேலை. ஆனால் இதைத் தாண்டிக்கொண்டு அடுத்த வேலைக்குப் போகவே கூடாது. பாவு (நீள இழைகள்) சுற்றிய உருளையும் துணி சுற்றும் மரமும் ஒன்றுக்கொன்று இணையாக இல்லாவிட்டால், பாவை எவ்வளவு கவனமாகச் சுற்றினாலும் ஒரு பக்கத்து இழைகள் தொய்ந்தும் மறுபக்கத்து இழைகள் விறைத்தும் நிற்கும்.

அடுத்தது, அச்சைத் தாங்கி ஆடும் பலகை. அதை முன்னால் இழுத்துப் பிடித்து, அச்சின் இரு முனைகளிலிருந்தும் முன்மரத்துக்கு உள்ள தூரத்தை அளந்து பாருங்கள். ஒரு முனை முந்தினால் அந்தப் பக்கம் ஊடை (குறுக்கிழை) நெருங்கி, மறுபக்கம் இளகி, துணி கோணலாகவே வளரும். தொங்கும் இடத்தைச் சற்று மாற்றினாலே இது பெரும்பாலும் சரியாகிவிடும்.

விழுதுகளைக் கட்டும்போது மிதிகளில் கால் வைக்காத நிலையில் இரண்டு விழுதுகளின் கண்களும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். மிதித்தால், கீழிறங்கும் இழைகள் நாடா ஓடும் பலகையை மெல்லத் தொட்டால் போதும். அவை பலகைக்கு மேலே அந்தரத்தில் நின்றால் நாடா இழைகளுக்குள் புகுந்துவிடும். அழுந்தினால் உராய்ந்து அறும். மிதிக்கயிற்றின் ஒரு முடிச்சு இந்த இரண்டுக்கும் இடையிலான வித்தியாசத்தைத் தீர்மானிக்கிறது. முந்தைய நெசவாளரின் உயரத்துக்கும் கால்நீளத்துக்கும் ஏற்பக் கட்டிய கயிறுகளை அப்படியே வைத்துக்கொள்ளாமல், உங்கள் இருக்கையில் உட்கார்ந்து புதிதாகக் கட்டிக்கொள்ளுங்கள்.

இரும்பு அச்சில் துரு இருந்தால், மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து எண்ணெய்ப் பசை இல்லாமல் துடைத்துவிடலாம். நாடாவைத் தட்டி ஓடவிடும் பிக்கர் தேய்ந்திருந்தால் தயங்காமல் மாற்றிவிடுங்கள்.

சோதனைக்காக அகலம் குறைந்த பாவு போட்டுப் பார்ப்பது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை, ஏனெனில் தறியின் கோணல் ஓரங்களில்தான் தெரியும். 2/40 பருத்தி நூலை (40ஆம் நம்பர் நூல் இரண்டை முறுக்கியது), 40ஆம் நம்பர் அச்சில் (இரண்டு அங்குலத்துக்கு 40 பல்) பல்லுக்கு இரண்டு இழையாக, அதாவது அங்குலத்துக்கு 40 இழையாக, தறியின் முழு அகலத்துக்கும் கோத்துச் சில முழம் நெய்து பாருங்கள். பிறகு, இடது ஓரத்திலும் வலது ஓரத்திலும் ஓர் அங்குலத்தில் உள்ள ஊடைகளைப் பூதக்கண்ணாடி வைத்து எண்ணுங்கள். எண்ணிக்கை வேறுபட்டால், பாவைக் குறை சொல்வதற்கு முன் மறுபடியும் மூலைக்கு மூலை அளந்து பார்க்க வேண்டும்.