மேல்வீட்டுத் தம்பி

கல்யாணமாகித் திருச்சியிலிருந்து கொழும்புக்கு வந்தவள் நான். வெள்ளவத்தையில் எனக்கு முதலில் ஒத்தாசையாக இருந்தவன் மேல்வீட்டு அன்ரியின் கடைசி மகன். 2025 ஜனவரிக் கடைசியில் டொராண்டோவில் அவன் சுடப்பட்டு இறந்துபோனான். 22 வயது. துக்கம் கேட்க வந்தவர்களில் பலர் அன்ரியிடம் முதலில் கேட்டது, "பொடியனுக்கு அங்க என்ன பிரச்சினை?" என்றுதான். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. அவனைத் தெரிந்தவர்கள் வாய் திறந்து சொல்லத்தான் வேண்டும்.

நான் வந்து கொஞ்ச காலத்திலேயே இலங்கையில் 2022 பொருளாதார நெருக்கடி. மார்ச் முடிவில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்வெட்டு. பெட்ரோல் இல்லை, கேஸ் இல்லை. வயிற்றுப்பிள்ளைக்காரி நான். "அக்கா, நீங்க வீட்ட இருங்கோ" என்று சொல்லிவிட்டு, எங்கள் சிலிண்டரையும் அவர்களுடையதையும் உருட்டிக்கொண்டு போவான். இடம் பறிபோகாமலிருக்க வரிசையில் சிலிண்டர்களைச் சங்கிலியில் கோர்த்துப் பூட்டி வைத்திருப்பார்கள். அவன் அதன்மேலேயே உட்கார்ந்து, கைப்பேசி வெளிச்சத்தில் ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வுப் புத்தகம் படித்துக்கொண்டிருப்பான். கேஸ் கிடைத்தால் நேரே வீட்டுக்கு வரமாட்டான். வரிசையில் பின்னால் நின்ற சிங்களத் தாத்தா ஒருவரின் சிலிண்டரை அவர் வீட்டு மாடிவரை தூக்கிக் கொடுத்துவிட்டுத்தான் வருவான்.

காலி வீதியில் 100, 101 பஸ் ஏறவும் அவன்தான் பழக்கினான். இறங்கும் இடத்துக்கு முன்னாலேயே "பஹினவா" (சிங்களத்தில் 'இறங்குகிறேன்') என்று உரக்கச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த ஹோல்ட்டில்தான் இறங்கலாம். எனக்குக் கூச்சம். பஸ்ஸில் பக்கத்தில் நின்றுகொண்டு, தான் சொல்லாமல் என்னையே சொல்ல வைப்பான். இன்று நான் தனியாக இந்த ஊரில் எங்கும் போய்வருகிறேன் என்றால் அது அவன் தந்த தைரியம்.

2023இல் மாணவர் விசாவில் கனடா போனான். அன்ரி குடும்பம் 1995 இடம்பெயர்வில் யாழ்ப்பாணத்தைவிட்டு வந்தது. இவன் 2002 சமாதான காலத்தில் பிறந்தவன். "செல்லுக்கும் குண்டுக்கும் தப்ப வைச்சு வளர்த்த பிள்ளையள். கனடா எண்டா பயமில்லை எண்டு அனுப்பினன்" என்று அன்ரி திரும்பத் திரும்பச் சொல்வார். அங்கே 2022 அக்டோபரிலிருந்து தனியாட்கள் கைத்துப்பாக்கி வாங்கவும் விற்கவும் தடை இருக்கிறது. ஆனால் அமெரிக்க எல்லை வழியாகக் கடத்தி வருகிறவற்றை எந்தத் தடை நிறுத்தியது? டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் ஒரு கடைத்தொகுதியின் முன்னால் யாரோ யாரையோ குறிவைத்துச் சுட்டார்கள். வேலை முடிந்து பஸ்ஸுக்கு நடந்து வந்த இவன்மேல் பட்டது.

அன்ரிக்கும் அங்கிளுக்கும் கனடா விசா நேரத்துக்குக் கிடைக்கவில்லை. இறுதிக்கிரியையை அன்ரி டிவியில்தான் பார்த்தார். அஸ்தியை ஒன்றுவிட்ட அண்ணன் கொண்டுவந்தான்.

31ஆம் நாள் செய்யும் அந்தியேட்டிக் கிரியைக்குக் கல்வெட்டு அடிக்க வேண்டும் என்றார்கள். இறந்தவரின் படம், திதி வெண்பா, சிவபுராணம், தேவாரம், வாழ்க்கை வரலாறு எல்லாம் சேர்ந்த சிறு புத்தகம் அது. எங்கள் பக்கத்தில் நான் கண்டதில்லை. தமிழ் டைப்பிங் தெரியும் என்பதால் வேலை என்னிடம் வந்தது. 22 வயதுப் பிள்ளைக்கு வாழ்க்கை வரலாறு எழுத உட்கார்ந்தபோது எனக்குக் கை ஓடவில்லை.

அந்த வாரம்தான், பெப்ரவரி 19 அன்று, கொழும்பு புதுக்கடை நீதிமன்றத்துக்குள்ளேயே சட்டத்தரணி வேடத்தில் வந்தவன் ஒரு கைதியைச் சுட்டுக் கொன்றான். டிவியில் நாள் முழுக்கப் பாதாளக் குழுக்களின் கதை. சுடப்பட்டான் என்றாலே ஏதோ ஒரு கோஷ்டியில் இருந்திருப்பான் என்று எண்ண ஊர் பழகிவிட்டது. பழகிப்போனால் பெற்றவளின் முகத்துக்கு நேரே அதைக் கேட்டுவிடலாமா?

கல்வெட்டில் என்ன போடுவது என்று பேச்சு வந்தபோது அவனுடைய பெரியப்பா, "எப்பிடிச் செத்தவன் எண்டதை விடுவம், சனம் கதைக்கும்" என்றார். அன்ரி அதுவரை பேசாமல் இருந்தவர். "வேலை முடிஞ்சு வாற வழியில சுட்டவங்கள் எண்டு போடு பிள்ளை. என்ர பிள்ளை ஒருத்தருக்கும் ஒளிச்சுத் திரியேல்ல" என்றார். அப்படியே போட்டேன். கேஸ் வரிசையையும், அந்தத் தாத்தாவின் மாடியையும் சேர்த்து எழுதினேன். தாத்தா கதை அன்ரிக்கே தெரியாது. வாசித்துக் காட்டியபோது, எத்தனையாவது மாடி, எந்தத் தெரு என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

அஸ்தியைக் கீரிமலையில் கரைத்துவிட்டு வந்தார்கள். சுட்டவர்களை இன்னும் பிடிக்கவில்லை. பிடித்து வழக்கு நடந்தால் நேரில் போய் உட்கார வேண்டும் என்று அன்ரியும் அங்கிளும் மறுபடி விசாவுக்குப் போடுகிறார்கள். படிவம் நிரப்ப இன்று இரவு நான் மேலே போகிறேன்.