கண்மட்டக் கோடும் கடைவீடுகளும்

சிங்கப்பூரின் பழைய தெருக்களைச் சுற்றுலா வரைபடங்களுக்கும் கண்காட்சிப் பலகைகளுக்கும் வரைந்து தருவது என் வேலை. ஒரே படம் கைக்குள் அடங்கும் மடிப்பிதழிலும் சுவரளவுப் பலகையிலும் கூர்மை குறையாமல் அச்சேற வேண்டியிருப்பதால், வாடிக்கையாளர்கள் அதை, எந்த அளவுக்குப் பெரிதாக்கினாலும் கோடுகள் மங்காத வெக்டர் கோப்பாகவே கேட்பார்கள். அடோபி இல்லஸ்ட்ரேட்டர் என்னும் வரைகலை மென்பொருளின் சிஎஸ்5 பதிப்பில், 2010ஆம் ஆண்டு, தொலைவுக்கேற்ப உருவங்களைச் சிறுக்கவைத்து வரைய உதவும் கட்டக்கோடுகளான பெர்ஸ்பெக்டிவ் கிரிட் வந்து சேர்ந்தபின், வழிகாட்டிக் கோடுகளை ஒவ்வொன்றாக இழுத்து உருவங்களை அவற்றுக்குள் பொருத்தும் பாடு பெரிதும் குறைந்தது.

இந்தக் கருவியின் பலத்தை கீழே கடையும் மேலே வீடுமாக அமைந்த கடைவீடுகளின் முன்னால் ஓடும் கூரையிட்ட நடைபாதைகளான அஞ்சடிகளை வரையும்போது நன்றாகக் காணலாம். தெருவின் இருபுறமும் தொடர்ச்சியான, கூரையிட்ட நடைபாதை இருக்க வேண்டும் என்று, சிங்கப்பூரில் ஆங்கிலேயக் குடியேற்றத்தை நிறுவிய ராஃபிள்ஸ் 1822இல் பணித்ததன் விளைவாக, ஒரே மாதிரியான தூண்கள் வரிசையாகப் பின்னோக்கிச் செல்லும் காட்சி நமக்குத் தெருவுக்குத் தெரு கிடைக்கிறது. விசைப்பலகையில் 1, 2, 3 ஆகிய எண்களை அழுத்தினால் இடப்பக்கம், தரை, வலப்பக்கம் என வரையும் தளங்கள் மாறும். ஏதேனும் ஒரு பக்கத் தளத்தில் ஒரு தூணை வரைந்து, கிரிட்டுக்குரிய தேர்வுக் கருவியால் ஒரு நகலை இழுத்து வைத்து, கண்ட்ரோல் விசையுடன் டி விசையைத் தொடர்ந்து அழுத்தினால், அடுத்தடுத்த தூண்கள் சிறுத்தும் இடைவெளி குறுகியும் தாமாகவே அமைந்துவிடுகின்றன. மூலைவிட்டங்களை வரைந்து இடைவெளிகளைக் கணக்கிட்ட காலம் எனக்கு நினைவிருக்கிறது. அதற்காக நான் ஏங்கவில்லை.

ஆனால், பார்ப்பவர் எங்கே நிற்கிறார், அவர் கண் எந்த உயரத்தில் இருக்கிறது என்பதைக் கிரிட் நமக்காக முடிவு செய்வதில்லை. புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் திரையில் முதலில் தோன்றும் கிரிட்டை அப்படியே ஏற்றுக்கொண்டு வரையத் தொடங்கிவிடுகிறார்கள். பின்னர், தொலைவில் செல்லும் இணைகோடுகள் ஒன்றுசேர்வதுபோல் தோன்றும் மறைபுள்ளிகளை நகர்த்தினால், ஏற்கெனவே ஒட்டிய உருவங்கள் கூடவே வருவதில்லை. ஆகவே, ஒரு கோடு போடுமுன் கண்மட்டத்தைத் தீர்மானித்துக்கொள்வது என் வழக்கம். தரையில் நிற்பவரின் கண்ணுயரத்தில் அடிவானக் கோட்டை வைத்தால், சமதரையில் நிற்கும் ஏறத்தாழ அதே உயரமுடைய எல்லோருடைய கண்களும், அருகில் நின்றாலும் தொலைவில் நின்றாலும், அந்தக் கோட்டை ஒட்டியே அமையும். மனித உருவங்களின் அளவைச் சரிபார்க்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது. கூரை ஓடுகளும் தெரிய வேண்டும் என்று சில வாடிக்கையாளர்கள் விரும்புவார்கள். அதற்காகக் கோட்டை மேலே ஏற்றினால், அஞ்சடியின் உட்கூரை மறைந்து, அதன் நிழலும் ஆழமும் போய்விடும். இரண்டையும் ஒரே படத்தில் தர முடியாது என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது நல்லது.

நிற்கும் தொலைவும் இதே அளவு முக்கியம். கேம்பல் லேன் போன்ற குறுகலான தெருவில் பின்னால் நகர இடமில்லாததால், கைப்பேசியின் அகலக் கோணத்தில் எடுத்த படத்தை அடியில் வைத்து வரைபவர்கள், லென்ஸ் இழுத்துவிட்ட ஓரங்களையும் சேர்த்தே நகலெடுக்கிறார்கள். ஓவியருக்கு எதிர்க்கட்டடத்தின் சுவரைத் தாண்டிப் பின்னால் போய் நிற்கும் உரிமை உண்டு. மறைபுள்ளிகள் இரண்டும் படச்சட்டத்துக்கு வெளியே வெகுதூரம் தள்ளிப் போனால்தான் கடைவீட்டின் மூலை கத்திபோல் துருத்திக்கொண்டு நிற்காது.

"அக்கா, முப்பரிமாண மாடல் செஞ்சிட்டா இதெல்லாம் தானா வந்துடுமே?" என்று உடன் பணிபுரியும் இளைஞர் கேட்பதுண்டு. கணக்குச் சரியாக வரும் என்பது உண்மைதான். ஆனால் அதிலும் கேமராவை எங்கே வைப்பது என்று நாம்தான் சொல்ல வேண்டும். அதிலிருந்து வரும் கோடுகளைத் துப்புரவு செய்ய ஆகும் நேரத்தில் ஒரு வரிசைக் கடைவீடுகளையே வரைந்து முடித்துவிடலாம். கட்டடத்தைச் சுற்றிவரும் அசைபடம் தேவைப்படாதவரை நான் கிரிட்டையே விரும்புகிறேன்.

கருவியின் குறைகளும் தெரிந்திருக்க வேண்டும். ஒரு கோப்பில் ஒரே ஒரு கிரிட்தான் அமைக்க முடியும் என்பதால், செங்கோணத்தில் சந்திக்காத தெருக்களுக்கு, அடிவானக் கோட்டை மாற்றாமல் வேறு மறைபுள்ளிகளுடன் இன்னொரு கோப்பில் வரைந்து கொண்டுவந்து சேர்க்கிறேன். கோடுகளின் தடிமன் தொலைவுக்கேற்பக் குறைவதில்லை. மரச் சன்னல்களின் பலகை இடுக்குகளை எல்லா வீடுகளுக்கும் ஒரே தடிமனில் வரைந்தால், கடைசி வீட்டின் சன்னல் வெறும் கருந்திட்டாகிவிடும். அங்கே கோட்டை மெல்லியதாக்கிப் பாதி இடுக்குகளை விட்டுவிடுவேன்.

கோபுரம் தனி விவகாரம். சிராங்கூன் சாலையிலுள்ள ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலின் ஐந்து நிலை ராஜகோபுரம் கட்டப்பட்ட விதத்திலேயே மேலே போகப்போகக் குறுகுவது. அதை மூன்று மறைபுள்ளிக் கிரிட்டில் ஏற்றினால், உண்மையான குறுக்கமும் பார்வையால் வரும் குறுக்கமும் சேர்ந்து கோபுரத்தை ஊசியாக்கிவிடுகின்றன. இரண்டு மறைபுள்ளிகளோடு நிறுத்திக்கொண்டு, ஒவ்வொரு நிலையையும் தனிப் பெட்டியாக அடுக்கி, அளவைக் கட்டடத்தின் முகப்புப் படத்திலிருந்து எடுத்துக்கொள்வதே சரிப்படுகிறது.

பெயர்ப்பலகைகளைக் கடைசியில்தான் தொடுவேன். தளத்தில் ஒட்டியபின்னும் எழுத்தைத் திருத்த முடிவது பெரிய வசதி. எனினும் கூர்மையாகச் சாயும் தளத்தில் ண, ஞ போன்ற எழுத்துகளின் சுழிகள் அடைபட்டுவிடுகின்றன. அத்தகைய இடங்களில் மெல்லிய எழுத்துருவுக்கு மாறி, எழுத்துகளுக்கிடையே சற்றுக் கூடுதல் இடம் விட்டு, மடிப்பிதழின் அளவிலேயே ஒரு தாளை அச்சிட்டுப் படித்துப் பார்த்த பிறகே கோப்பை அனுப்புகிறேன்.