ஜனவரிக் குளிரில் சான் ஹுவான் ஆற்றில் ட்ரவுட் மீன்

வீடு வந்து சேர்ந்து இரண்டு நாளாகிவிட்டது. வலது கால் விரல்களில் மரமரப்பு இன்னும் போகவில்லை. எல்லாம் அந்த வாடகை வேடரால் வந்தது. வேடர் என்பது நெஞ்சு வரை வரும், தண்ணீர் புகாத உடுப்பு. ஒரு நாள் வாடகை 30 டாலர், முன்பணம் 80. "போன மாசம்தான் வாங்கினது" என்று சொல்லித்தான் கொடுத்தார் கடைக்காரர். ஆற்றில் இறங்கிய பத்தாவது நிமிடம் முழங்காலுக்குப் பின்னால் ஜில்லென்று ஒரு கோடு இறங்கியது. தையல் விட்டிருக்கிறது! திருப்பிக் கொடுக்கும்போது நான்தான் கிழித்தேன் என்று முன்பணத்தில் 40 டாலரைப் பிடித்துக்கொண்டார். இன்னும் வயிறு எரிகிறது. வாடகைக்கு எடுப்பவர்கள் கடையை விட்டு வெளியே வருமுன் உள்ளே டார்ச் அடித்துத் தையல் தையலாகப் பாருங்கள். ஓட்டை இருந்தால் வெளிச்சம் காட்டிக்கொடுத்துவிடும்.

சரி, பனிக்காலத்தில் ஏன் ஆற்றுக்குப் போகவேண்டும்? அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்து வடமேற்கு மூலையில், சான் ஹுவான் ஆற்றின் குறுக்கே நவஹோ அணை இருக்கிறது. 1962இல் கட்டி முடித்தது, 402 அடி உயரம். ஏரியின் அடியாழத்துத் தண்ணீரைத்தான் திறந்துவிடுகிறார்கள். அந்த ஆழத்தில் கோடையும் தெரியாது, குளிரும் தெரியாது. அதனால் கரையெல்லாம் வெண்பனி கிடக்கும்போதும் அணைக்குக் கீழே ஆறு உறையாமல் ஓடுகிறது, தண்ணீர் 5, 6 டிகிரி செல்சியஸில் நிற்கிறது. புழுக்களும் மீன்களும் வருடம் முழுக்க உயிர்ப்போடு இருக்கின்றன. கோடையில் இங்கே தோளோடு தோள் இடிக்கும் கூட்டம் என்கிறார்கள். ஜனவரியில் எங்களைச் சேர்த்து ஏழு பேர்தான்.

ஃபீனிக்ஸிலிருந்து கார் பயணம், ஏழு மணி நேரம். அதில் சொல்லவேண்டியது ஒன்றுதான். ஷிப்ராக் ஊரில் சாலையோரக் கடை, நவஹோ பழங்குடிப் பாட்டி ஒருவர் கரியடுப்பில் ஆட்டுக்கறி வாட்டிக்கொண்டிருந்தார். எண்ணெயில் பொரித்த உப்பலான ரொட்டி, நடுவில் கொழுப்போடு கறி, மேலே சுட்ட பச்சை மிளகாய் முழுசாக ஒன்று. உப்பைத் தவிர மசாலா எதுவும் இல்லை. முதல் கடியிலேயே கொழுப்பு மணிக்கட்டு வரை வழிந்தது. காருக்குத் திரும்பிய என் நண்பன் பேசாமல் மறுபடி போய் இன்னும் இரண்டு வாங்கிவந்தான். இந்தச் சாப்பாட்டுக்காக மட்டுமே 400 மைல் போகலாம்!

கைடு வைத்துக்கொள்ள ஆசைதான். படகோடு ஒரு நாளைக்கு 500 டாலருக்குமேல் கேட்டார்கள், எங்களுக்குக் கட்டுப்படியாகாது. டெக்சஸ் ஹோல் என்ற இடத்தில் காரை நிறுத்திவிட்டு நாங்களே இறங்கினோம். அணைக்குக் கீழே கிட்டத்தட்ட 4 மைலுக்கு மீனைப் பிடித்தால் விட்டுவிட வேண்டும், எதிர்முள் இல்லாத தூண்டில்தான் போடலாம். நல்ல சட்டம். மீன்கள் இவ்வளவு பெரிதாக இருப்பதற்கு இதுவும் காரணம்.

அதிகாலையில் போவது வீண். அந்நேரக் குளிரில் மீனுக்கு உடம்பு கொஞ்சம் மந்தமாகிவிடும், இரையைத் துரத்தாது. பதினொன்றிலிருந்து மூன்று மணி வரைதான் நேரம். காலையில் வீசிய நேரமெல்லாம் தூண்டில் கம்பின் வளையங்களில் பனிக்கட்டி அடைத்து நூல் ஓடவே இல்லை. கம்பைத் தண்ணீருக்குள் முக்கி முக்கி எடுத்தோம்.

இந்த ஆற்றில் மீனுக்குச் சாப்பாடு மிட்ஜ், கொசு மாதிரி ஒரு பூச்சியின் புழு. அதைப்போல முள்ளில் கட்டிய போலி இரையான ஃபிளை அரிசியைவிடச் சின்னது. கறுப்பு நூல் சுற்று, தலையில் ஒரு பாசிமணி, அவ்வளவுதான். மரத்த விரலால் அதன் துளையில் நூல் கோர்க்க எனக்குக் கால் மணி நேரம் ஆனது. மீன் கடித்தால் மிதவை முங்கும் என்று காத்திருக்கக் கூடாது, ஒரு நொடி தயங்கும், அப்போதே கம்பைத் தூக்கிவிடவேண்டும். பன்னிரண்டரைக்கு அப்படித் தயங்கியது. தூக்கினேன். கம்பு வளைந்தது, நூல் சுற்றும் ரீல் கிறீச்சிட்டது. வலைக்குள் வந்தபோது பக்கவாட்டில் ரோஜா நிறப் பட்டை, அதன்மேல் மிளகு தூவியதுபோலப் புள்ளிகள். முழங்கையிலிருந்து விரல்நுனி வரை நீளம்! கையை நனைத்துக்கொண்டுதான் தொட்டேன். உறைகுளிரில் மீனை வெளியே தூக்கிவைத்துப் படம் எடுக்கக் கூடாது, செவுள் உறைந்துபோகும். தண்ணீரிலேயே முள்ளை எடுத்தேன், வாலை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போய்விட்டது.

அப்புறம் நண்பன் கத்தினான்: "டேய், அசையாதே, உன் காலுக்குப் பின்னால பாரு!" என் பூட்ஸ் கிளப்பிய சேற்றில் வரும் புழுக்களைத் தின்ன மூன்று ட்ரவுட்கள் வரிசையாக நின்றன, ஒரு முழ தூரத்தில். வேண்டுமென்றே காலால் கிளறி இப்படி மீனைக் கூட்டிப் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். இங்கே அது தடை. அன்றைக்கும் எங்களுக்கு மேலே ஒருவர் அதையே செய்துகொண்டிருந்தார், பார்க்கவே கோபம் வந்தது. நான் தூண்டிலைச் சுருட்டிவிட்டு, கால் நனைவதையும் மறந்து, அவை வாய் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

பெட்ரோல், அறை, லைசென்ஸ், பறிபோன 40 டாலர் எல்லாம் சேர்த்து எனக்கு 260 டாலர் ஆனது. பிப்ரவரி முடிவதற்குள் மறுபடி போகிறோம். சொந்த வேடர் ஆர்டர் போட்டாயிற்று.