டெல்ஃபியில் ஒரு சுவர்
ஏதென்ஸிலிருந்து பஸ்ஸில் மூணு மணி நேரம், பர்னாசஸ் மலைச்சரிவில் டெல்ஃபி. பித்தியாங்கிற பெண் பூசாரி முக்காலியில் உட்கார்ந்து குறி சொன்ன, கிரேக்கக் கடவுள் அப்போலோவோட கோயில். தூக்கி நிறுத்தின ஆறு தூண்தான் மிச்சம். எல்லாரும் அங்கே செல்ஃபி எடுக்க, நான் நின்னது கீழே இருக்கிற தாங்குசுவர்கிட்ட.

கி.மு. 6ஆம் நூற்றாண்டுச் சுவர். சாந்தே கிடையாது, வளைஞ்சு நெளிஞ்சு ஒண்ணோட ஒண்ணு பொருந்தின கற்கள். கிட்டப் போய்ப் பார்த்தா கல் முழுக்கப் பொடிப்பொடியா எழுத்து! பெரும்பாலும் அடிமைகளை விடுவிச்ச பத்திரங்கள். அடிமையை அப்போலோவுக்கு 'விற்கிற' மாதிரி எழுதுவாங்களாம். காசு என்னவோ அந்த அடிமை சேர்த்ததுதான். இதுல சிலருக்கு, எஜமான் சாகுறவரைக்கும் கூடவே இருக்கணும்னு நிபந்தனை வேற.

தியேட்டர் வரை ஏறி இறங்கினதுல முட்டி இன்னும் வலிக்குது.