கடன் வாங்கிக் கழித்தல்

சித்தி போகாத கூட்டத்தில் சித்தியைப் பொருளாளராகத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். ஏகமனதாக. குடியிருப்போர் சங்கக் கூட்டத்துக்கு வராதவர்களுக்கு இதுதான் தண்டனை என்று எல்லோருக்கும் தெரியும், சித்தியைத் தவிர.

"எனக்கும் கணக்குக்கும் ஏழாம் பொருத்தம்டா. நீ வந்து சொல்லிக் குடு" என்று போன். நமக்குத்தான் யாராவது சொல்லிக் கொடுக்கக் கூப்பிட்டால் தலை கால் புரியாதே. ஞாயிற்றுக்கிழமை இருபது கேள்விகள் எழுதிய தாளோடு போய் நின்றேன். "அரை மணி நேரம்தான் சித்தி" என்று கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் வேறு வைத்தேன். தாளைப் பார்த்த சித்தி, மாடியில் துணி காயப் போட்டுவிட்டு வருவதாகச் சொல்லிப் போனார். முக்கால் மணி நேரம் வரவில்லை. வாளியை எடுத்துக்கொண்டு போகவில்லை என்பதைப் பிறகுதான் கவனித்தேன்.

சும்மா இருந்த நேரத்தில் போனில் படித்தேன். கணக்குப் பயம் என்பது ஆராய்ச்சியாளர்கள் அளந்து பார்க்கிற சமாச்சாரமாம். ரிச்சர்ட்சன், சுயின் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1972-லேயே அதற்கு ஒரு கேள்வித்தாள் தயாரித்திருக்கிறார்கள், 98 கேள்விகளோடு. சித்தி இறங்கி வந்ததும் பெருமையாகச் சொன்னேன்.

"பயமா இருக்கான்னு கேக்க 98 கேள்வியா? அதைப் பார்த்தாலே பயம் வந்துடுமேடா."

என் இருபது கேள்வித் தாளை மெதுவாக மடித்துப் பைக்குள் வைத்தேன். கைக்கடிகாரத்தையும்தான். கவலை வந்தால் மனக்கணக்கு போடுகிற இடத்தையெல்லாம் அந்தக் கவலையே அடைத்துக்கொள்ளும் என்று அதே கட்டுரையில் இருந்தது. கடிகாரத்தைக் கண்ணெதிரே வைத்தவனுக்கு இதைப் படித்ததும் சுருக்கென்றது.

சரி, வாய்ப்பாட்டிலிருந்து தொடங்கலாம் என்று ஏழெட்டு எவ்வளவு என்றேன். சித்தி ஜன்னலைப் பார்த்தார். "ஐந்து, ஆறு, ஏழு, எட்டு. வரிசையா வருது பாருங்க. 56 என்பது ஏழெட்டு. உங்க வயசும் அதேதான், மறக்கவே மறக்காது" என்றேன்.

"அடுத்த வருஷம் 57 ஆயிட்டா?"

பதில் இல்லாததால் கழித்தலுக்குத் தாவினேன். 52-லிருந்து 27 போக வேண்டும். இரண்டிலிருந்து ஏழு போகாது, பக்கத்து ஐந்திடம் ஒன்று கடன் வாங்கணும் என்று ஆரம்பித்தேன்.

"எப்போ திருப்பிக் குடுக்கணும்?"

"எதை?"

"வாங்கின கடனை. மூணாவது படிக்கும்போதே கேட்டேன். அதிகப்பிரசங்கின்னு பெஞ்சு மேல ஏத்தி நிக்க வச்சுட்டாங்க. அதுக்கப்புறம் நான் ஏன் கேக்கப்போறேன்?"

"அதெல்லாம் அப்படித்தான் சித்தி, விடுங்க" என்றேன். பெஞ்சு மேல் ஏற்றவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். மழை பிடித்துக்கொண்டது. சித்தியின் குடையை வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

அந்தக் கேள்வி மட்டும் வாரம் முழுக்கக் கூடவே வந்தது. தேடிப் பார்த்தால், கடனைத் திருப்பிக் கொடுக்கிற கழித்தல் நிஜமாகவே இருக்கிறது! பல நாடுகளில் பள்ளியிலேயே சொல்லிக் கொடுத்த முறை. மேலே இருக்கும் 2-ஐ 12 ஆக்கிக்கொள்ள வேண்டியது. 12-ல் 7 போனால் 5. ஐந்தை அப்படியே விட்டுவிட்டு, கீழே இருக்கும் 2-க்கு ஒன்றைத் திருப்பிக் கொடுத்து 3 ஆக்க வேண்டியது. 5-ல் 3 போனால் 2. விடை 25. மேலே பத்து சேர்த்தோம், கீழேயும் பத்து சேர்த்தோம், வித்தியாசம் மாறாது.

அடுத்த ஞாயிறு போட்டுக் காட்டினேன். சித்தி பேனாவை வாங்கித் தானே ஒருமுறை போட்டுப் பார்த்தார். ரொம்ப நேரம் பேச்சில்லை.

"அப்போ நான் கேட்டது சரிதான். நாற்பத்தெட்டு வருஷம்டா!"

எட்டு வயதில் கேட்ட கேள்வி, இப்போது 56. கழித்தலை மனதுக்குள்ளேயே முடித்திருந்தார். நான் அதைச் சுட்டிக்காட்டவில்லை. சொல்லியிருந்தால் மறுபடி மாடிக்குப் போயிருப்பார்.

"எனக்கும் உங்கம்மாவுக்கும் ஆறு வயசு வித்தியாசம். பத்து வருஷம் கழிச்சும் அதே ஆறுதான். இதைச் சொல்லித் தர ஒரு பெஞ்சு எதுக்கு?" என்றவர், சங்கக் கணக்கு நோட்டைத் திறந்தார். 1003-ல் 487 செலவு. இரண்டுக்கும் 13 வயது கூட்டினார். 1016-ல் 500 போனால் 516. நான் சரிபார்க்கிறேன் என்று போன் கால்குலேட்டரில் தட்டினேன். 156 வந்தது.

"உன் போனு சரியில்ல" என்றார் சித்தி. "ஐந்நூறுக்குக் கிட்டதானே செலவு. குத்துமதிப்பா பாதி மிஞ்சணும். நூத்தம்பது எப்படி வரும்?"

487-க்குப் பதில் 847 என்று தட்டியிருந்தேன். அன்றைக்கும் மழை. இன்னொரு குடை.

மூன்றாவது ஞாயிறு சித்தி எனக்காகக் காத்திருந்த மாதிரி இருந்தது. போன வருடம் பராமரிப்புத் தொகையைப் பத்து சதவீதம் ஏற்றினார்களாம். இந்த வருடம் பத்து சதவீதம் இறக்கப்போகிறார்களாம். "அப்போ எங்க வந்து நிக்கும்?"

"பழைய இடத்துக்கே" என்றேன், தயங்காமல்.

சித்தியின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததே இல்லை. "நூறுன்னு வச்சுக்கோ. ஏத்தினா 110. இறக்கறது நூத்துல பத்து இல்லடா, நூத்திப்பத்துல பத்து சதவீதம். பதினொண்ணு. நிக்கிறது 99-ல." பக்கத்து அறையிலிருந்த சித்தப்பாவைக் கூப்பிட்டு, என்னையே மறுபடி தப்பாகச் சொல்ல வைத்தார். மாடி வீட்டுக்காரரிடமும் ஒருமுறை சொல்லச் சொன்னார். சொன்னேன்.

தப்பித்தால் போதும் என்று செருப்பை மாட்டும்போது பின்னாலேயே வந்தார், கையில் கணக்கு நோட்டு.

"முதல் வாரம் ஒரு குடை எடுத்துட்டுப் போனே. போன வாரம் இன்னொண்ணு. வீட்டுல இருந்ததே மூணு. மிச்சத்தை நீயே சொல்லு."