மாத்திரை சும்மாதான், போய் வாங்கத்தான் காசு

அண்ணனுக்கு முதலில் கெட்டது தூக்கம்தான். 2013-இல் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலையில் இருந்தான். வயது 23. தீபாவளிக்கு வந்தவன் திரும்பிப் போகவில்லை. சுற்றுகிற ஃபேனுக்குள் இருந்து சூப்பர்வைசர் தன்னைப் பற்றிப் பேசுவதாகச் சொன்னான். நாங்கள் சிரித்தோம். மூன்றாம் நாள் ஃபேனைக் கழற்றிக் கிணற்றில் போட்டுவிட்டு வந்து, "இப்பவும் பேசுறான் பாப்பா" என்றான். அதற்கப்புறம் வீட்டில் யாரும் சிரிக்கவில்லை.

நான் அங்கன்வாடியில் வேலை பார்க்கிறேன். திருச்சிக்குத் தெற்கே வானம் பார்த்த பூமி. ஊர் தனி, காலனி தனி, நாங்கள் காலனி. பஸ் ஸ்டாப் ஊருக்குள் இருக்கிறது. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், அண்ணன் ஒரு மத்தியானம் சட்டையில்லாமல் ஊர்த்தெருவில் போய் நின்று தனக்குள் பேசிக்கொண்டிருந்தான். ஊர்க்காரர் வீட்டுப் பையன் அப்படி நின்றால் "பாவம், புத்தி பேதலிச்சுப் போச்சு" என்று கூட்டிக்கொண்டு போய் வீட்டில் விடுவார்கள். காலனிப் பையன் நின்றால் அதற்குப் பெயர் நோய் இல்லை, திமிர். உதட்டில் நான்கு தையலோடு வந்தான். யார் அடித்தது என்று இன்றுவரை சொன்னதில்லை.

அந்த வாரம்தான் அவனை வாசல் வேப்பமரத்தில் கட்டினோம். இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிப் போகலாம் என்று பெரியப்பா சொன்னபோது அம்மா ஒரே பிடியாக மறுத்தவள். 2001 ஆகஸ்ட் 6-இல் அங்கே கீற்றுக் கொட்டகை தீப்பிடித்து, சங்கிலியில் கிடந்த 28 பேர் ஓடவும் முடியாமல் வெந்து போனது அவளுக்கு நேற்று நடந்தது மாதிரி. "எம்புள்ளைய சங்கிலில போட மாட்டேன்" என்றவள்தான், மாட்டுக் கயிறு உறுத்தும் என்று நைலான் கயிற்றில் பழைய சேலையைச் சுற்றி எடுத்துக் கொடுத்தாள். இரண்டு பகல், மூன்று ராத்திரி. சங்கிலி போடுவதே கூடாது என்று 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது என்பது வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. தெரிந்திருந்தாலும் அந்த மூன்று ராத்திரிக்கு வேறு என்ன செய்திருப்போம் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

கோடாங்கி, குறி, எலுமிச்சம்பழம், குணசீலம் பெருமாள் கோயிலில் ஒரு மண்டலம். குணசீலத்தைக் குறை சொல்ல மாட்டேன். முகத்தில் தீர்த்தம் அடிக்கும்போது அண்ணன் கொஞ்சம் அமைதியாகத்தான் இருந்தான். அதைவிட, அங்கே எங்களைப் போலவே மகனையும் மருமகளையும் கூட்டிக்கொண்டு வந்தவர்களை அம்மா பார்த்தாள். நமக்கு மட்டும் வந்ததில்லை என்று அவளுக்குத் தெரிந்தது அங்கேதான். ஆனால் 48 நாள் முடிந்து திரும்பியபோது என் இரண்டு பவுன் சங்கிலி அடகில் இருந்தது, ஃபேன் பேசுவதும் நிற்கவில்லை.

இப்படி அலைந்த இரண்டு வருஷமும் மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருந்திருக்கிறது. டாக்டர் இருந்திருக்கிறார், மாத்திரை இலவசம். எங்களுக்குத் தெரியாது. சென்னை கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரி 1794-இலிருந்து இருக்கிறதாம். எங்கள் ஊரில் அது வசவு. "கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்ப வேண்டிய கேசு" என்று திட்டக் கேட்டிருக்கிறோமே தவிர, அந்த வைத்தியம் பக்கத்தில் எங்கே கிடைக்கும் என்று யாரும் சொன்னதில்லை. குழந்தைக்கு எடை குறைந்தால் எந்த ரெஜிஸ்டரில் எழுதி யாரிடம் அனுப்ப வேண்டும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அண்ணனை எங்கே அனுப்புவது என்று மட்டும் தெரியவில்லை.

முதலில் போனது தனியார் டாக்டரிடம். ஃபீஸ், மாத்திரை, போக்குவரத்து எல்லாம் சேர்த்து மாதம் மூவாயிரத்தைத் தொட்டது. ஆறு மாதம் தாக்குப்பிடித்தோம். அவர்தான், நல்ல மனுஷன், "இது வருஷக்கணக்குல சாப்பிட வேண்டிய மாத்திரைம்மா. ஜி.ஹெச்.ல இதே ரிஸ்பெரிடோன் சும்மாவே குடுப்பாங்க, அங்க போங்க" என்று எழுதிக் கொடுத்தார்.

சும்மா என்ற அந்தச் சொல்லை நம்பிப் போனோம். காலை 5:40-க்கு முதல் பஸ். அது போய்ச் சேர்கிற இடத்திலிருந்து இன்னொரு பஸ். எட்டரைக்கு ஓ.பி. சீட்டு வரிசை, பத்தரைக்கு டாக்டர், ஒரு மணிக்கு மருந்து வரிசை. மூன்று மணி பஸ்ஸைப் பிடித்தால் இருட்டுவதற்குள் வீடு. இரண்டு பேருக்குப் போகவர டிக்கெட் 180 ரூபாய். காலை இட்லி, மத்தியானம் ஒரு சாப்பாட்டைப் பிரித்துச் சாப்பிட்டாலும் நூறு. அம்மா கூடப் போனால் அவள் கூலி 300 போச்சு, நான் போனால் லீவு. ஆக, சும்மா கிடைக்கிற மாத்திரைக்கு மாதம் கிட்டத்தட்ட 600 ரூபாய். கூட வர ஆள் இல்லாத மாதம் மாத்திரையும் இல்லை. டாக்டர் சீட்டில் 'மருந்தை ஒழுங்காக எடுக்கவில்லை' என்று எழுதுவார். எழுதட்டும், அந்த சீட்டில் பஸ்ஸைப் பற்றி எழுதக் கட்டம் கிடையாது.

2019 வைகாசியில் போனபோது மருந்து கொடுக்கும் இடத்தில் பதினைந்து நாளைக்குத்தான் கொடுத்தார்கள். "ஸ்டாக் வரல, மிச்சத்த வெளிய வாங்கிக்க." வெளியே வாங்கவில்லை, அந்த மாதம் கையில் இல்லை. இருபதாவது நாள் அண்ணன் சோற்றில் மருந்து கலந்திருப்பதாகச் சொல்லித் தட்டைத் தள்ளினான். ஒரு மாதத்தில் பழைய ஃபேன் திரும்பி வந்துவிட்டது. இந்தத் தடவை வீட்டில் ஃபேனே கிடையாது என்பது வேறு விஷயம்.

அப்போது வழி காட்டியவர் எங்கள் கிராம சுகாதார செவிலியர். தடுப்பூசிக்கு மாதாமாதம் என் மையத்துக்கு வருகிறவர். பிள்ளைகளின் கார்டில் எழுதிக்கொண்டே, "ஏன் இப்படி இளைச்சுட்ட?" என்று கேட்டார். அழுதுவிட்டேன். "ஏண்டி, நம்ம தாலுகா ஆஸ்பத்திரிக்கே மனநல டாக்டர் வர்றாங்களே, செவ்வாய்க்கிழமை. மாவட்ட மனநலத் திட்டம்னு கேட்டதில்லையா?" என்றார். கேட்டதில்லை. அந்தத் திட்டம் நாட்டில் 1996-இல் தொடங்கியதாம். எனக்கு அப்போது மூன்று வயது. எங்கள் வீட்டிலிருந்து 11 கிலோமீட்டரில் இருக்கிற அந்த ஆஸ்பத்திரிக்கு நான் போய்ச் சேர 26 வயது ஆகிவிட்டது.

தாலுகா ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டுக்குப் பின்னால் ஒரு அறை. ஒரு டாக்டரம்மா, ஒரு சைக்காலஜிஸ்ட், ஒரு சமூகப் பணியாளர். முதல் நாள் டாக்டரம்மா என்னிடம் பேசவில்லை. அண்ணனைப் பார்த்து, "நீங்க சொல்லுங்க, மாத்திரை போட்டா என்ன பண்ணுது?" என்று கேட்டார். ஆறு வருஷத்தில் அவனிடம் நேராக யாரும் கேட்டதில்லை, நான் உட்பட. அவன் யோசித்துவிட்டு, "கழுத்து மரக்கட்டையா ஆயிடுது டாக்டரம்மா. கை நடுங்குது. டீ க்ளாஸ் புடிச்சா சிந்துது. டீக்கடையில சிரிக்கிறாங்க" என்றான். அதனால்தான் சில நாள் மாத்திரையைக் கன்னத்தில் அடக்கித் துப்பியிருக்கிறான். அளவைக் குறைத்து, விறைப்புக்குக் காலையில் ஒரு வெள்ளை மாத்திரை சேர்த்தார். டிரைஹெக்சிஃபெனிடில் என்று அட்டையில் இருக்கும். வீட்டில் அதற்குப் பெயர் டீக்கடை மாத்திரை. பத்து நாளில் க்ளாஸ் சிந்துவது நின்றது. துப்புவதும் நின்றது.

ஊரடங்கு வந்தபோது செவிலியரே இரண்டு மாத மாத்திரையை வாங்கி ஸ்கூட்டியில் கொண்டுவந்து தந்தார். 2021 மே மாதம் டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்றானது. நானும் அம்மாவும் சும்மா போகலாம், நோயாளிக்குத்தான் டிக்கெட். சிரிப்பாக இருக்கும். மாற்றுத்திறனாளி அட்டை இருந்தால் அவனுக்கும் கூட வருகிறவருக்கும் டிக்கெட் கிடையாது என்று பின்னால் அறிவிப்பு வந்தது. அப்படித்தான் சான்றிதழ் என்ற அடுத்த யாத்திரை ஆரம்பித்தது.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகை ஊனங்களைச் சொல்கிறது, மனநோயும் ஒன்று. ஆனால் நான் போன அலுவலகத்தில் "மனவளர்ச்சி குன்றியவரா?" என்றே மூன்று தடவை கேட்டார்கள். அது வேறு, இது வேறு. அவர்கள் போக்கில் விட்டிருந்தால் அண்ணனுக்கு இல்லாத ஒன்றுக்குச் சான்று கொடுத்திருப்பார்கள். விண்ணப்பிக்கிறவர்கள் சான்றிதழ் முகாமில் கொடுக்கிற தாளிலும் இ-சேவையில் ஏற்றுகிற படிவத்திலும் 'மனநோய்' என்ற கட்டத்தில் டிக் விழுந்திருக்கிறதா என்று நின்று பாருங்கள். பழைய சீட்டு எதையும் தூக்கிப் போடாதீர்கள். எங்களிடம் தனியார் டாக்டரின் முதல் சீட்டு ரேஷன் கார்டு உறைக்குள் இருந்ததால்தான் எத்தனை வருஷ நோய் என்று காட்ட முடிந்தது.

மனநோய்க்கு எவ்வளவு ஊனம் என்று அளக்க ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். தன்னைத் தானே பார்த்துக்கொள்வது, மற்றவர்களோடு பழகுவது, பேசிப் புரிந்துகொள்வது, வேலை செய்வது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். நோய் எத்தனை வருஷம் என்பதற்குத் தனியாக. மொத்தம் 20. குறைந்தது எட்டு வந்தால்தான் 40 சதவீதம். நாற்பதுக்குக் கீழே என்றால் உதவித்தொகை எதற்கும் லாயக்கில்லை.

2022-இல் ஒரு புதன்கிழமை. முகாமுக்குப் போகிறோம் என்றதும் அண்ணன் விடியற்காலையில் எழுந்து குளித்து, தேங்காய் எண்ணெய் வைத்துத் தலை சீவி, திருப்பூரிலிருந்து கொண்டுவந்த நீலச் சட்டையை அவனே தேய்த்துப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றான். அத்தனை அழகாக இருந்தான். எனக்கு வயிற்றைக் கலக்கியது. இந்தக் கோலத்தில் போனால் மதிப்பெண் எப்படி வரும்? உள்ளே டாக்டர், "தினமும் யார் குளிக்கச் சொல்றாங்க?" என்று கேட்டார். "நானேதான் சார்" என்று பெருமையாகச் சொன்னான். பொய். வாரத்தில் நான்கு நாள் அம்மா வாளியை வைத்துவிட்டுக் கெஞ்ச வேண்டும். அவன் நன்றாகிவிட வேண்டும் என்று ஒன்பது வருஷமாகக் கோயில் கோயிலாக வேண்டிய நான், அந்த அறையில் 'சாமி, இன்னைக்கு ஒருநாள் அண்ணன் சரியாப் பேசக் கூடாது' என்று வேண்டிக்கொண்டு நின்றேன். அப்புறம் வாயைத் திறந்து, அவன் எதிரிலேயே, அவனால் எதெல்லாம் முடியாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவன் தலை குனிந்தது. 50 சதவீதம் கிடைத்தது. திரும்பும்போது பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காரவில்லை.

அட்டை வந்தது. வருவாய்த் துறை ஓய்வூதியத்துக்கு எழுதிப்போட்டு, கிராம நிர்வாக அலுவலர், தனி தாசில்தார் என்று ஏழு மாதம் அலைந்து கிடைத்தது. இப்போது மாதம் 1500. செவ்வாய்க்கிழமை டவுன் பஸ்ஸில் அண்ணன் தனியாகவே போய்வருகிறான். அட்டையைப் பார்த்துவிட்டு மேலும் கீழும் பார்க்கிற கண்டக்டர்கள் உண்டு. கால் கை நன்றாக இருக்கிறதே என்ற பார்வை. அதற்கு அண்ணன் ஒரு பதில் வைத்திருக்கிறான், இங்கே எழுத முடியாது.

வேறு இரண்டு விஷயமும் உதவின. ஒன்று, 14416. 'நட்புடன் உங்களோடு' என்று நம் அரசு பெயர் வைத்த மனநல எண், ராத்திரியிலும் எடுப்பார்கள். அண்ணன் இரண்டு நாள் தூங்காதபோது கூப்பிட்டேன். நான் பதறியபடி பேசப் பேச, அந்தப் பெண் குறுக்கிட்டு, "அவர் இருக்கட்டும், நீங்க சாப்டீங்களா?" என்று கேட்டார். மணி ஒன்றரை, நான் சாப்பிட்டிருக்கவில்லை. இன்னொன்று, வெள்ளைத்தாள். உடம்பு முடியாமல் போய் ஆஸ்பத்திரியில் சேர்க்க நேர்ந்தால் தன் சார்பில் யார் பேசுவது என்று நோயாளியே முன்கூட்டி எழுதிக் கையெழுத்துப் போட்டு வைக்கலாம். 2017 சட்டத்தில் இடமிருக்கிறது. பெரியப்பாவையோ அம்மாவையோ எழுதுவான் என்று நினைத்தேன். என் பெயரை எழுதியிருக்கிறான்.

குறை இருக்கிறது. அம்மாவுக்கு சுகர், பிரஷர் மாத்திரை 'மக்களைத் தேடி மருத்துவம்' அக்கா மூலம் மாதாமாதம் காலனி வாசலுக்கே வருகிறது. அண்ணன் மாத்திரை வருவதில்லை. அதே அக்கா, அதே பை, அதே வாசல். கேட்டால், "எங்க லிஸ்ட்ல அது இல்லம்மா" என்கிறார். இதை எழுதி மூன்று மனு கொடுத்திருக்கிறேன். எங்கள் காலனியிலேயே இன்னும் இரண்டு வீட்டில் அண்ணனைப் போல ஆள் இருக்கிறார்கள், ஒரு வீட்டில் கதவு பகலிலும் சாத்தியே இருக்கிறது. செவ்வாய்க்கிழமை என்று ஒரு நாள் இருப்பதை அவர்கள் வாசலில் நின்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். ஒரு வீட்டில் கதவு திறந்தது.

அண்ணனுக்குக் கொடுத்தது தற்காலிகச் சான்று. வருகிற வருஷம் புதுப்பிக்க வேண்டும். போன வாரம் தேதியைக் காலண்டரில் குறித்துக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்று பார்த்துவிட்டு, "அன்னைக்குத் தலை சீவட்டுமா, வேண்டாமா பாப்பா?" என்று கேட்டான்.